ஆமைக்கரட்டார் அம்பு பொறுக்கிய கதை

ஆமைக்கரட்டுக்காரர்களை முட்டாள்கள் என்று சொல்லுகிறவர்கள் அவர்களோடு பழகாதவர்கள். பழகியவர்கள் வேறு வார்த்தை சொல்லுவார்கள், அதை இங்கே எழுத முடியாது. கரட்டடியில் பன்னிரண்டு வீடு, ஒரு கிணறு, மேலே சரிவில் ஊருக்கெல்லாம் சோறு போடும் ஒரே ஒரு தினைக்கொல்லை. இவ்வளவுதான் ஊர். சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள். அதில் எள்ளளவு கூட்டவும் மாட்டார்கள், குறைக்கவும் மாட்டார்கள்.

ஒருமுறை வைத்தியர் ஒருத்தர் சடையாண்டிக்கு இருமல் சூரணம் கொடுத்து, காலையில் சூரியனைப் பார்த்து வாயைத் திறந்து போட்டுக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனார். அது ஐப்பசி மாசம். மூன்று நாள் விடாத மூடாக்கு. சடையாண்டி மூன்று நாளும் கையில் சூரணத்தோடு கிழக்கே பார்த்து வாயைத் திறந்தபடி நின்றார். நாலாம் நாள் வெயில் அடித்தபோது இருமல் போயிருந்தது, சூரணம் மழையில் கரைந்திருந்தது. அந்த வைத்தியருக்கு அந்த ஊரில் இன்றைக்கும் நல்ல பெயர்.

அப்பேர்ப்பட்ட ஊரில் விவரம் தெரிந்த ஆள் உக்கிரபாண்டிதான். பெயரைக் கேட்டுப் பயந்துவிட வேண்டாம். எறும்பு வரிசையைப் பார்த்தால் நின்று வழிவிட்டுப் போகிற மனிதர். அரண்மனை ஊருக்குப் போய்ப் பன்னிரண்டு வருஷம் இருந்துவிட்டு, நாற்பத்தெட்டாவது வயசில் திரும்பி வந்தவர். அங்கே என்ன வேலை என்று ஊரார் கேட்டபோது, "ஆயுதசாலைப் பக்கம் இருந்தேன்" என்றார். அது பொய்யில்லை. அரண்மனைக் காரியக்காரர் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆயுதசாலைச் சுவர் ஓரமாகத்தான் உலாத்துவார். அவர் தலைக்கு மேலே குடை பிடித்துக்கொண்டு உக்கிரபாண்டியும் கூடவே உலாத்துவார். பன்னிரண்டு வருஷமும் அந்தச் சுவரின் வெளிப்பக்கத்தை அவரைப்போல் பார்த்தவர்கள் கிடையாது.

அந்த உத்தியோகத்தால் அவருக்கு மிஞ்சியவை இரண்டு. ஒன்று, வலது கை. அது தானாக மேலே போய்விடும். சாப்பிட உட்கார்ந்தால் முதல் கவளம் நெற்றிக்கு மேலே போய் நின்று, அப்புறம் யோசித்து வாய்க்கு வரும். இன்னொன்று, தோள்வலி. கையைத் தூக்கிச் சரியாக ஒரு நாழிகை ஆனதும் தோளில் சுருக்கென்று ஒரு வலி வரும். முன்னே பின்னே ஆகாது. அரண்மனையில் நாழிகை வட்டில் ரிப்பேருக்குப் போனபோதெல்லாம் மணியடிக்கிறவன் இவர் முகத்தைப் பார்த்துத்தான் மணியடித்தான்.

தனக்கு ஒன்றும் தெரியாது என்பது உக்கிரபாண்டிக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அதைச் சொல்ல வாய்க்கவில்லை. அரண்மனைப் பேச்சு, ஊர்ப் பேச்சு இரண்டும் அவருக்குச் சரளம். இரண்டிலும் 'தெரியாது' என்கிற அந்த ஒரு சொல் மட்டும் நாக்கில் வந்து உட்காராது. இனிமேல் ஆயுசுக்கும் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு தினைச்சோறு தின்பது என்பதுதான் அவருடைய ஒரே திட்டம். அதற்காகத்தான் திரும்பி வந்தார்.

அந்தத் திட்டத்தில் மான் வாய் வைத்தது.

நல்ல வளர்ந்த புள்ளிமான், தலையில் மரம் முளைத்த மாதிரி கொம்பு. தினமும் காலையில் வரும், கொல்லையில் ஒரு பாத்தி தின்னும், சாவகாசமாகப் போகும். ஊரார் அரண்மனைக்கு முறையிட்டார்கள். பதில் ஓலை வந்தது. படிக்கத் தெரிந்தவர் உக்கிரபாண்டி ஒருவரே என்பதால் அவரே படித்தார். தினை தின்னும் கொம்பு மானை அம்பால் அடித்து, அதன் கொம்பைப் பங்குனி உத்திரத்துக்குள் காரியக்காரர் கையில் சேர்க்க வேண்டியது. தவறினால், காவல் காக்கத் துப்பில்லாத ஊருக்குக் கொல்லை எதற்கு, அது பக்கத்து ஊரான கீழ்ப்பாறைக்குப் போகும். கீழே சின்ன எழுத்தில் காரியக்காரர் தன் கைப்பட ஒரு வரி சேர்த்திருந்தார்: கொல்லை போனால் உக்கிரபாண்டி கவலைப்பட வேண்டாம், குடை காத்துக்கொண்டிருக்கிறது.

அந்த வரியை மட்டும் உக்கிரபாண்டி சத்தமாகப் படிக்கவில்லை. ஆனால் படித்து முடித்தபோது வலது கை மேலே போயிருந்தது. ஊரார் அதைப் பார்த்து, அம்பு விடுகிற பொறுப்பை அவரே கைதூக்கி ஏற்றுக்கொண்டார் என்று சந்தோஷப்பட்டார்கள்.

வில் ஊரில் இருந்தது. அம்பும் இருந்தது. அம்பு முனையில் செருகுகிற இரும்பு அலகுதான் இல்லை. ஆகவே நாலு பேர் கிளம்பி இரண்டு காத தூரத்தில் இருந்த அனவரதம் ஆசாரியின் கொல்லுப்பட்டறைக்குப் போனார்கள். உக்கிரபாண்டி, சடையாண்டி, ஊரில் வாய்க்குப் பேர்போன பேச்சியக்கா, அப்புறம் ஒச்சு. ஒச்சு எல்லாவற்றுக்கும் முதல் ஆளாகச் சரி என்று சொல்லுகிறவன். எதற்குச் சரி என்பதைப் பிற்பாடு கேட்டுக்கொள்வான்.

ஆசாரி இரண்டு அலகை எடுத்து மணைமேல் வைத்தார். ஒன்று நின்ற அலகு. அடித்து வைத்தது வைத்தபடி, இரண்டு பக்கமும் கத்தி விரிந்தே இருக்கும். உறுதியானது, எலும்பில் பட்டாலும் உள்ளே போகும். ஆனால் கத்தியில் காற்றுப் பிடித்து, போகிற வழியில் அம்பை இழுத்துவிடும். மற்றது விரி அலகு. பறக்கும்போது கத்தி இரண்டும் மடங்கி இருக்கும், அதனால் நேராகப் போகும். பட்ட இடத்தில் கீல் திறந்து அகலமாக விரியும். ஆனால் வில்லில் வேகம் இல்லையென்றால் விரியாமலே நின்றுவிடும். "ரெண்டையும் கொண்டுபோய்ச் சோதிச்சுப் பாருங்க. ஒண்ணை வச்சுக்கிட்டு மத்ததைத் திருப்பிக் குடுங்க" என்றார்.

பிறகு, வந்தவர்களின் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு என்னவோ தோன்றியிருக்க வேண்டும். சில புத்திமதிகளைச் சொன்னார். அலகு மயிரை மழிக்கிற கூர்மையில் இருக்க வேண்டும். மானுக்கு உங்கள் வாடை போகக் கூடாது. இருபது தப்படிக்கு மேல் விடக் கூடாது. மான் உங்களைப் பார்த்து நின்றால் விடாதீர்கள், பக்கம் காட்டி நிற்கும்போது விடுங்கள். எல்லாவற்றிலும் முக்கியம், அம்பு விட்டவுடன் பின்னாலேயே ஓடாதீர்கள். இருந்த இடத்தில் ஒரு நாழிகை அசையாமல் உட்காருங்கள்.

நாலு பேரும் திரும்பி வரும் வழியெல்லாம் அதை மனப்பாடம் செய்துகொண்டு வந்தார்கள்.

எந்த அலகு என்கிற கேள்விக்காக அன்று சாயங்காலமே கிணற்றடியில் ஊர் கூடியது. பேச்சியக்கா விரி அலகின் பக்கம். அவள் எழுந்து சொன்னாள்:

"போற வழியில வாயை மூடிக்கிட்டு, போய்ச் சேந்த எடத்துல திறக்குறதுதான் புத்திசாலித்தனம். எங்க வீட்டுக்காரரு வாசல்படி தாண்டுறப்பவே திறந்துருவாரு. அதனாலதான் அவரு போன காரியம் ஒண்ணும் ஆனதில்ல."

அவள் வீட்டுக்காரர் அங்கேயே உட்கார்ந்து தலையாட்டினார்.

சடையாண்டி நின்ற அலகின் பக்கம். "போய்ச் சேந்த எடத்துல திறக்க மறந்துட்டா? மான் நம்மளைப் பார்த்துச் சிரிக்காதா? எதுன்னாலும் கண்ணுக்குத் தெரிய இருக்கணும் தாயி. மறைச்சு வைக்கிறது நம்ம ஊருப் பழக்கமில்ல" என்றார்.

இரண்டும் நியாயமாகப் பட்டதால் ஊர் இரண்டாகப் பிரிந்தது. நின்ற அலகுக்காரர்கள் நின்றுகொண்டே சாப்பிட ஆரம்பித்தார்கள். விரி அலகுக்காரர்கள் வீட்டுக்குள் நுழைகிற வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு நடந்தார்கள். ஒச்சு இரண்டு பக்கத்துக்கும் சரி என்று சொல்லியிருந்தபடியால், கையைக் கட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றபடி இரண்டு நாள் பட்டினி கிடந்தான்.

கடைசியில் எல்லோரும் உக்கிரபாண்டியைப் பார்த்தார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். யோசித்தால் அவருக்குக் குடைதான் வரும், வேறு எதுவும் வராது. அரண்மனையில் இரண்டு குடை இருந்தன. ஒன்று ஓலைக்குடை, எப்போதும் விரிந்தே இருக்கும். ஒரு ஆடிமாசம் காற்று அதைப் பிடித்து இழுத்ததில், குடையை விட மனசில்லாமல் உக்கிரபாண்டியும் கூடவே போய்த் தெப்பக்குளத்தில் விழுந்தார். இன்னொன்று மடக்குகிற பட்டுக்குடை. வெயில் அடிக்காத, மழை பெய்யாத நாளில் தொட்டாலே விரியும். சப்பரத் திருவிழாவன்று மழை கொட்டியபோது மட்டும் விரியவில்லை. காரியக்காரர் நனைந்தார், உக்கிரபாண்டிக்கு வசவு விழுந்தது.

ஆக, நிற்கிறது காற்றோடு போகும், விரிகிறது வேளைக்கு விரியாது. இதுதான் அவர் பன்னிரண்டு வருஷம் கற்ற கல்வி. இதை வைத்துக்கொண்டு எதைப் பொறுக்குவது என்று அவருக்கு விளங்கவில்லை. அவர் கண்ணைத் திறந்து, "ரெண்டும் குடைதான்" என்றார்.

ஊரார் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். இவ்வளவு ஆழமாக அங்கே யாரும் பேசியதில்லை. அப்படியென்றால் சோதித்துத்தான் பார்க்க வேண்டும் என்று அதற்கு அர்த்தம் எடுத்துக்கொண்டு கலைந்தார்கள். உக்கிரபாண்டிக்கும் அதுதான் அர்த்தம் போல என்று பட்டது.

முதல் சோதனை, மயிர். மழிக்கிற கூர்மை என்று ஆசாரி சொன்னாரே தவிர எத்தனை பேரை என்று சொல்லவில்லை. ஆகவே நின்ற அலகை எடுத்து வரிசையாக மழித்தார்கள். ஆண்கள் தலை முடிந்தது, தாடி மீசை முடிந்தது, நாலாம் நாள் ஊரில் இருந்த இரண்டு ஆட்டுக்கிடாயும் மொட்டை. அலகு இன்னும் மழித்துக்கொண்டுதான் இருந்தது. கடைசியில் மிச்சமிருந்தது சடையாண்டியின் சடை ஒன்றுதான். இருபது வருஷத்துச் சடை, தேங்காய் நார் மாதிரி முறுகினது.

"நம்ம கட்சி அலகு. நம்ம தலையக் குடுக்கலேன்னா ஊரு என்ன நினைக்கும்" என்று அவராகவே வந்து மணையில் உட்கார்ந்தார். ஒரு பகல் முழுக்க அறுத்தார்கள். சடை போயிற்று, அதோடு அலகின் முனையும் போயிற்று. அப்புறம் அது வெண்ணெயைக்கூட வெட்டவில்லை. ஆனால் சோதனையில் அது ஜெயித்துவிட்டது என்பதை எதிர்க்கட்சியும் ஒப்புக்கொண்டது.

விரி அலகுக்கு இந்தச் சோதனை ஒத்துவரவில்லை. தலையில் தேய்த்தால் அது விரிய மாட்டேன் என்றது. அடித்தால்தானே விரியும் என்றாள் பேச்சியக்கா. சரி என்று ஒச்சு தலையை நீட்டிவிட்டான். எதற்குச் சரி என்று அவன் கேட்பதற்குள் உக்கிரபாண்டி குறுக்கே விழுந்து, தலைக்குப் பதில் பூசணிக்காய் ஒன்றை வைத்துக்கொள்ளலாம் என்றார். வாழ்க்கையில் தான் சொன்ன ஒரே உருப்படியான யோசனை அதுதான் என்று அவர் பின்னாளில் நினைத்துக்கொண்டதுண்டு.

பூசணிக்காய் வட்டமாக இருந்ததால் நிறுத்த நிறுத்த உருண்டது. உருள்கிறதை எப்படி அடிப்பது என்று ஊர் கூடிப் பேசி, அம்பு பூசணியில் பட்டாலும் பூசணி அம்பில் பட்டாலும் ஒன்றுதான் என்று கண்டுபிடித்தார்கள். அம்பைத் தரையில் நட்டார்கள். சடையாண்டி புளியமரத்தில் ஏறிப் பூசணியை அதன்மேல் போட்டார். அலகு பளிச்சென்று விரிந்து பூசணி நாலாய்ப் பிளந்தது. பேச்சியக்கா கட்சி அன்று பூசணிக் கூட்டு வைத்துக் கொண்டாடியது. ஆனால் விரிந்த அலகு திரும்ப மடங்கவில்லை. விரியச் சொல்லித்தானே செய்தார் ஆசாரி, மடங்கச் சொல்லவில்லையே என்று அதை நூலால் இறுக்கிக் கட்டி வைத்தார்கள்.

இரண்டும் ஜெயித்துவிட்டதால் எதைப் பொறுக்குவது என்பது முன்னைவிடக் கஷ்டமாகிவிட்டது. சரி, அதற்குள் உக்கிரபாண்டி வெறும் அம்பில் பழகட்டும் என்றார்கள்.

வைக்கோல் கட்டு ஒன்றை நிறுத்தினார்கள். உக்கிரபாண்டி வில்லை வளைத்தார். நாணை விடுகிற நேரத்தில் வலது கை தன் பழக்கத்தில் மேலே போனது. அம்பு வானத்துக்குப் போனது. உடனே ஊர் முழுக்க இருந்த இடத்தில் உட்கார்ந்தது, ஒரு நாழிகை அசையவில்லை. உக்கிரபாண்டி கையைத் தூக்கியபடி உட்கார்ந்திருப்பார். தோளில் சுருக்கென்றதும் "நாழிகை ஆச்சு" என்பார். எல்லோரும் எழுந்து போய் வைக்கோல் கட்டைப் பார்ப்பார்கள். அது சௌக்கியமாக இருக்கும். அடுத்த அம்பு. மறுபடி உட்கார்தல். பேச்சியக்காவின் அடுப்பில் குழம்பு தீய்ந்த அன்று அவள் வாசனையை வைத்து அது எந்தக் குழம்பு என்று சொன்னாளே தவிர எழுந்திருக்கவில்லை.

இப்படிப் பதினெட்டு நாள். வானத்தில் மான் வந்தால் தப்பவே முடியாது என்கிற அளவுக்கு உக்கிரபாண்டி தேறிவிட்டார்.

வாடை விஷயத்தை ஊர் கவனமாகவே கையாண்டது. மானுக்கு நம் வாடைதானே போகக் கூடாது. கீழ்ப்பாறைக்குப் போய் ஆளுக்கொரு பழைய வேட்டி சேலை வாங்கி வந்து உடுத்திக்கொண்டார்கள். இனிமேல் என்ன நடந்தாலும் மான் கீழ்ப்பாறைக்காரர்களைத்தான் சந்தேகப்படும்.

இருபது தப்படிக்கு ஒரு கயிற்றை அளந்து முடிச்சுப் போட்டார்கள். அதன் ஒரு முனை உக்கிரபாண்டியிடம். மறுமுனை மானிடம் இருக்க வேண்டும். யார் போவது என்று கேட்கும் முன்பே ஒச்சு சரி என்றான். தினமும் காலையில் அவன் கயிற்று முனையோடு மான் பக்கத்தில் போய் நின்றான். முதல் மூன்று நாள் மான் ஓடியது. நாலாம் நாள் அவன் கையில் தினைக்கதிர் இருந்தது. ஒரு வாரத்தில், ஒச்சு வரத் தாமதமானால் மான் ஊருக்குள் வந்து அவன் வீட்டு வாசலில் நிற்க ஆரம்பித்தது.

தூரம் சரியானால் பக்கம் சரியாக இல்லை. மான் உக்கிரபாண்டியையே பார்த்துக்கொண்டு நின்றது. ஆகவே ஊரார் எல்லோரும் அவரையும் வில்லையும் கயிற்றையும் தள்ளிக்கொண்டு மானின் பக்கத்துக்கு ஓடினார்கள். மான் திரும்பி அவர்களைப் பார்த்தது. மறுபடி ஓடினார்கள். நாலு சுற்று முடிந்ததும் ஊருக்குத் தலை சுற்றியது. மான் இடத்தை விட்டு நகரவேயில்லை.

பங்குனி உத்திரமும் வந்துவிட்டது. அன்று மத்தியானம் காரியக்காரர் நேரில் வருகிறார் என்று சேதி. காலையில் ஊர் கொல்லைக்குப் போனபோது ஒச்சு தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். பக்கத்தில் மான் நின்றது. அதன் தலை வழவழவென்று இருந்தது. கொம்பு இரண்டும் கீழே தினைத்தாளில் கிடந்தன.

"நான் ஒண்ணும் செய்யல அண்ணே. குனிஞ்சுச்சு, விழுந்துருச்சு" என்றான் ஒச்சு.

மானுக்கு வருஷத்துக்கு ஒருமுறை கொம்பு தானாகக் கழன்று விழும் என்பது கரட்டடியில் பிறந்த எவருக்கும் தெரிந்திருக்க வேண்டியது. இவர்களும் கரட்டடியில் பிறந்தவர்கள்தான்.

உக்கிரபாண்டி கீழே கிடந்த கொம்பைப் பார்த்தார். அவருக்குள் ஏதோ ஒன்று வெளிச்சமாயிற்று. கொம்பு இருக்கிறது. காரியக்காரர் வருகிறார். எடுத்துக் கையில் கொடுத்தால் முடிந்தது. கொல்லை பிழைத்தது, தன் கையும் பிழைத்தது. பன்னிரண்டு வருஷத்திலும் அதற்குப் பிறகும் முதன்முறையாக அவருக்கு ஒன்று தெரிந்திருந்தது. அதைச் சொன்னார்.

ஊர் அவரை வருத்தத்தோடு பார்த்தது.

"ஓலையைப் படிச்சது நீங்கதானே அண்ணே" என்றாள் பேச்சியக்கா. "கொம்பு மானை அடிக்கணும்னு இருந்துச்சே. இது மொட்டை மானு. இதை அடிச்சா அது வேற மானை அடிச்சதா ஆயிரும்."

"அடிக்காம கொம்பைக் குடுத்தாலும் அரண்மனையை ஏமாத்துனதா ஆயிரும்" என்றார் சடையாண்டி. இரண்டு கட்சியும் ஒன்று சேர்ந்தது அந்த மாசத்தில் அதுதான் முதல் தடவை.

உக்கிரபாண்டி யோசித்துப் பார்த்தார். அவர்கள் சொன்னதுதான் சரி என்று பட்டது. வந்த வெளிச்சம் போய்விட்டது. மனசு முன்போல நிம்மதியாக இருந்தது.

ஆக, அடிக்க வேண்டுமானால் மானுக்குக் கொம்பு வேண்டும். கொம்பைத் திரும்ப வைத்துவிட வேண்டியதுதான். அதில் கருத்து வேறுபாடே இல்லை. எப்படி வைப்பது என்பதில்தான் வந்தது. அம்புக்கு அலகு வைக்கிற மாதிரி அரக்கை உருக்கி ஊற்றி, அசையாமல் நிறுத்திவிட வேண்டும் என்றார் சடையாண்டி. மரக்கிளைக்குள் நுழைந்து போகிற பிராணி, மடங்கி விரிகிற மாதிரி கீல் வைத்துக் கொடுப்பதுதான் தர்மம் என்றாள் பேச்சியக்கா. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. உக்கிரபாண்டியைக் கேட்டார்கள். அவர், "ரெண்டும் குடைதான்" என்றார். ஆளுக்கு ஒன்று என்று அதற்கு அர்த்தமாயிற்று.

வலது கொம்பைச் சடையாண்டி அரக்கு வைத்து நிறுத்தினார், மேலே நார் சுற்றிக் கட்டினார். மான் ஒச்சுவின் மடியில் கதிர் தின்றுகொண்டே தலையைக் காட்டியது. இடது கொம்புக்குக் கீல் வேண்டியிருந்தது. ஊரில் இருந்த ஒரே கீல் விரி அலகில்தான் இருந்தது. பேச்சியக்கா அதன் ஆணியைத் தட்டிக் கழற்றி, தோல்வாரில் கோத்து மான் தலையில் கட்டி, கொம்பை மாட்டினாள். ஒரு தட்டுத் தட்டினால் கொம்பு ஆடி நின்றது. எல்லோரும் பார்த்து மெச்சினார்கள்.

இப்போது அம்பு விடலாம் என்று எந்த அலகு என்று பார்த்தால், ஒன்று மழுங்கிக் கிடந்தது, மற்றது ஆணி இல்லாமல் இரண்டு தகடாகக் கிடந்தது. ஒரு மாசமாக ஊரை இரண்டாக்கிய கேள்வி அந்த இடத்தில் தீர்ந்தது. உக்கிரபாண்டி வெறும் அம்பை நாணில் வைத்தார்.

கயிறு இருபது தப்படி. உடுப்பு கீழ்ப்பாறையுடையது. மான் ஒச்சுவின் கையைப் பார்த்துக்கொண்டு நின்றதால் பக்கம் தானாகவே அமைந்தது. உக்கிரபாண்டி மானின் விலாவைப் பார்த்துக் குறி வைத்தார். கொல்லையை நினைத்தார், தொங்கப்போட வேண்டிய கையை நினைத்தார். மானின் கண்ணையும் ஒரு கணம் பார்த்துவிட்டார். நாணை விட்டார். கை மேலே போனது, அம்பு வானத்துக்குப் போனது.

ஊர் சட்டென்று உட்கார்ந்தது. ஒச்சு கயிற்று முனையோடு மான் பக்கத்தில் உட்கார்ந்தான். உக்கிரபாண்டி கையைத் தூக்கியபடி உட்கார்ந்தார்.

மான் கதிர் தின்னக் குனிந்தது. இடது கொம்பு கீலில் மடங்கிக் கண்ணை மறைத்தது. மான் தலையை உதறியது, வார் அறுந்து கொம்பு தெறித்து விழுந்தது. வலது கொம்பு அசையவில்லை. ஒற்றைக் கொம்போடு அது பக்கத்துப் பாத்திக்குப் போய்த் தினைக்குள் மறைந்தது.

அந்த நேரத்தில்தான் காரியக்காரர் வரப்பில் ஏறி வந்தார். வேர்த்து வழிந்தது. புதுக் குடைக்காரன் வழியில் காலைச் சுளுக்கிக்கொண்டு, குடையோடு சாவடியிலேயே தங்கிவிட்டானாம். கொல்லையில் பதினேழு பேர், ஆண்கள் அத்தனை பேரும் மொட்டை, கீழ்ப்பாறை வேட்டி சேலைகளில் பொம்மை மாதிரி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். என்ன இது என்று கேட்டார். பதில் சொன்னால் உதடு அசையும். ஆகவே யாரும் பதில் சொல்லவில்லை. காலடியில் கிடந்த கொம்பைக் குனிந்து எடுத்துக்கொண்டு நேரே உக்கிரபாண்டி முன்னால் வந்து நின்றார்.

அசையக் கூடாது என்பது உக்கிரபாண்டிக்குத் தெரியும். தோள் இன்னும் வலிக்கவில்லை. ஆனால் காரியக்காரர் வெயிலில் நிற்கிறார், தான் உட்கார்ந்திருக்கிறோம். பன்னிரண்டு வருஷத்துப் பழக்கம் அவரைக் கேட்காமல் எழுப்பிவிட்டது. எழுந்த கை காரியக்காரர் கையிலிருந்த கொம்பை வாங்கி, அவர் தலைக்கு மேலே பிடித்தது. காரியக்காரரும் பழக்கத்தில் ஒரு அடி உள்ளே நகர்ந்து அந்த நிழலில் நின்றுகொண்டார்.

"மானை அடிச்சாச்சா?"

"அம்பு விட்டோமுங்க. உட்கார்ந்தோமுங்க. கொம்பு விழுந்துச்சுங்க."

"ஒண்ணுதானே இருக்கு. இன்னொண்ணு?"

"அது நின்ற கொம்புங்க. கழலாது. இதுதான் விரி கொம்பு."

காரியக்காரர் தாடையைத் தடவினார். "எது நல்லது?"

ஒரு மாசமாக ஊரே கேட்ட கேள்வி. உக்கிரபாண்டிக்கு இந்தத் தடவை குடை நினைவுக்கு வரவில்லை. "நின்றது மானுக்கு நல்லதுங்க. விரிஞ்சது நமக்கு நல்லதுங்க" என்றார்.

ஓலையில் கொம்பு என்றுதான் போட்டிருந்தது, எத்தனை என்று போடவில்லை என்பதைக் காரியக்காரர் நினைவுபடுத்திப் பார்த்தார். கொம்பு கையில் வந்து சேர்ந்ததா, சேர்ந்தது. கொல்லை ஆமைக்கரட்டுக்கே என்று சொல்லிவிட்டு, வெயில் தாங்கவில்லை என்று திரும்பி நடந்தார். கொம்பின் நிழல் அவரோடு போக வேண்டுமல்லவா. உக்கிரபாண்டியும் நடந்தார்.

ஆற்றங்கரை வந்த பிறகுதான் தான் நடந்துகொண்டிருப்பது அவருக்கு உறைத்தது. கொல்லை பிழைத்துவிட்டது, இனி ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். தோள் வலிக்கட்டும், நாழிகை ஆகட்டும், கையை இறக்கிவிட்டுத் திரும்பிவிடலாம் என்று நினைத்தார். ஆனால் மான் கொம்பு வெறுங்கை மாதிரிச் சும்மாவும் இல்லை, குடை மாதிரிக் கனமும் இல்லை. ஆற்றைத் தாண்டினார்கள், சாவடியைத் தாண்டினார்கள், அரண்மனைக் கோபுரம் தெரிந்தது. தோள் வலிக்கவே இல்லை.

கொல்லையில் மிச்சப் பதினாறு பேரும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். 'நாழிகை ஆச்சு' என்று யாரும் இன்னும் சொல்லவில்லையே. மான் ஒற்றைக் கொம்போடு பாத்தி பாத்தியாகத் தின்றுகொண்டு வந்தது. கடைசிப் பாத்திக்கு வந்தபோது அங்கே பேச்சியக்கா உட்கார்ந்திருந்தாள். அவளைச் சுற்றித் தின்றுவிட்டு, கொஞ்சம் நகரச் சொல்லி மூக்கால் இடித்துப் பார்த்தது. அவள் நகரவில்லை.